முழு வருகைக்கான பரிசு

வடக்குப்பொய்கை மேல்நிலைப் பள்ளியில் கைதட்டுவதற்கும் ஓர் அளவு உண்டு, அந்த அளவு முழுக்க பி.டி. சார் ஞானராஜின் விசிலுக்குள் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் மதிப்பெண் பட்டியல் வாங்க வருகிற ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமையில் பரிசளிப்பு விழா நடக்கும். முதல் மதிப்பெண்ணுக்குப் பத்துத் தட்டு, இரண்டாவதுக்கு ஏழு, மூன்றாவதுக்கு ஐந்து, ஓட்டப்பந்தயம் கட்டுரைப் போட்டி வகையறாவுக்கு மூன்று என்று அவர் விசில் ஊதுவார், விசில் நின்றால் கையும் நிற்க வேண்டும், நிற்காத கைக்குச் சொந்தக்காரனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வெயிலில் நிறுத்துவார். முழு வருகைக்கான பரிசுக்கு மட்டும் விசில் கிடையாது. அது பட்டியலில் கடைசி. அதற்குள் சிறப்பு விருந்தினர் காருக்குப் போயிருப்பார், பந்தல்காரர் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருப்பார், பிள்ளைகளின் கண்ணெல்லாம் மிக்சர் பொட்டலத்தின் மேல் இருக்கும்.

அந்த வருஷம் அந்தக் கடைசிப் பரிசை வாங்கியவள் இசக்கியம்மாள், பீடி சுற்றும் முப்பிடாதியின் ஒரே மகள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை ஒரு நாள் தவறாமல் பள்ளிக்கு வந்தவள் என்று ரெஜிஸ்டர் சொன்னது. ஊரே குளத்துக் கரை உடைந்து மிதந்த நாளில் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து நின்றவள், சித்தி கல்யாணத்தில் தாலி ஏறிய கையோடு பட்டுப் பாவாடையில் ஓடிவந்து ‘உள்ளேன் ஐயா’ சொன்னவள். தலைமையாசிரியை ஹெலன் டீச்சர் ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸையும் சான்றிதழையும் கொடுத்தார்; வாங்கிக்கொண்டு மேடைப் படியில் இறங்கினாள் இசக்கி; அப்போதுதான் டப்பென்று ஒரு கைதட்டு விழுந்தது.

“எவம்லே அது, விசில் ஊதாம தட்டினது?” என்று ஞானராஜ் சார் திரும்பினார். அத்தனை பேரும் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்கள், காட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டப். அது இசக்கியின் தலைக்கு மேலே, நெட்டையான ஓர் ஆள் கையைத் தூக்கித் தட்டினால் எந்த உயரத்தில் தட்டுவாரோ அந்த உயரத்தில் கேட்டது, அவள் நடந்தால் கூட நடந்தது, நின்றால் நின்றது, நாலு மணி பத்து நிமிஷத்துக்கு நீண்ட மணி அடித்ததும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஓய்ந்துபோனது. மைக்செட்டில்தான் கோளாறு என்று அறிவியல் டீச்சர் சொன்னார். மைக்செட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

சனி ஞாயிறு சத்தமே இல்லை. திங்கட்கிழமை ஒன்பது இருபதுக்கு, தாயும் மகளும் மூங்கில் முறமான சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தபோது மறுபடி டப்.

“ஏட்டி, ஆரோ தட்டுதாவ. கதவத் தொறந்து பாரு.”

“கதவுல இல்லம்மா. எனக்கு மேல.”

“அப்பச் சரி” என்று முப்பிடாதி அடுத்த இலையை எடுத்தாள். “நூலு எங்க?”

ஊரும் அதே மாதிரிதான் எடுத்துக்கொண்டது, ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, என்ன செய்யலாம் என்றுதான் கேட்டார்கள். பீடிக்காரப் பெண்கள் தட்டுக்குத் தட்டு எண்ணி கட்டுப் போட்டார்கள். டீக்கடை பரமசிவம் தன் கடை பெஞ்சில் இசக்கி வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் வடை இலவசம் என்றான், கடைக்கு வருகிறவர்கள் தங்களுக்குத்தான் தட்டுகிறது என்று நினைத்து இன்னொரு டீ சொன்னார்கள். கிணற்றடியில் பேசிக்கொண்டிருந்த பஞ்சாயத்துத் தலைவர், தன் பேச்சின் நடுவே சரியாக ஒரு தட்டு விழுந்ததைக் கேட்டு அந்த வாக்கியத்தையே நாலு தடவை திருப்பிச் சொன்னார், ஐந்தாவது தடவை தட்டு விழாதபோது முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கீழத்தெருவில் ஒரு சாவு வீடு. அந்தப் பக்கம் மட்டும் வராதே தாயி என்று கேட்டுக்கொண்டார்கள், இசக்கியும் மூன்று நாள் குளத்தைச் சுற்றிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாள். அவளுக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பிடித்துப்போனது. பிடிக்காதா பின்னே, பன்னிரண்டு வருஷமாக ஒரு தட்டுகூட வாங்காத பிள்ளை.

அது சும்மா தட்டவில்லை, கணக்காகத் தட்டுகிறது என்று கண்டுபிடித்தவர் ஞானராஜ் சார்தான். எண்ணாமல் அவரால் எதையும் கேட்க முடியாது, ஐந்து தட்டு, ரெண்டு தட்டு விழவேண்டிய நேரம் சும்மா, மறுபடி ஐந்து தட்டு, மறுபடி சும்மா என்று கேட்டுக்கொண்டே வந்தவர் பாதித் தெருவில் நின்று “லேய், இது வாரம்லா!” என்று கத்தினார். பள்ளி அலுவலக அறையின் இரும்பு பீரோவைத் திறந்து பழைய ரெஜிஸ்டர்களை இறக்கி ஒப்பிட்டால், திங்கட்கிழமை முழுக்க விழுந்தது ஒன்றாம் வகுப்பு, செவ்வாய்க்கிழமை ரெண்டாம் வகுப்பு. இசக்கி வந்த நாளுக்கு ஒரு தட்டு, லீவு நாளுக்குத் தட்டு இல்லை, காலாண்டு விடுமுறைக்கு நீண்ட மௌனம், காலை ஒன்பது இருபதுக்கு ஜூன் மாதம் ஆரம்பித்து சாயங்காலம் நாலு பத்துக்கு ஏப்ரல் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு டீக்கடையில் கரும்பலகை வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். “இப்ப என்ன ஓடுது?” “மூணாம் வகுப்பு, தீபாவளி லீவு.” “அப்பம் நாலு நிமிஷம் இருக்கு, ஒரு டீ போடு” என்பதுதான் பேச்சு.

எல்லோருக்கும் பிடித்தது மாவு மில் சங்கரலிங்கத்துக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவர் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், அந்த டிபன் பாக்ஸே அவர் உபயம், அவர் மகள் கோமதிதான் பள்ளியில் முதல் மதிப்பெண். “ராப்பகலா படிச்ச எம்மவளுக்குப் பத்தே பத்து தட்டு, வெறுமன வந்து உக்காந்துட்டுப் போனவளுக்கு வருஷக்கணக்குல தட்டா? என்ன நியாயம் இது?” என்று டீக்கடையில் வைத்தே கேட்டார். “சரி, தட்டட்டும். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு தட்டு குறைஞ்சாலும் டிபன் பாக்ஸ மேடைக்குக் கொண்டாரணும், சான்றிதழ எல்லாரும் பாக்கக் கிழிக்கணும். சம்மதமா?”

அந்த வழியாக வந்த ஹெலன் டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், பீடிக்கட்டோடு கடைக்குப் போய்க்கொண்டிருந்த முப்பிடாதி நடுவில் வந்து நின்றாள். மூன்றாம் வகுப்போடு தன்னை நிறுத்திச் சொளவைக் கையில் கொடுத்தார்களே என்ற ஆத்திரத்தை முப்பது வருஷமாக அடக்கி வைத்திருந்தவள் அவள். மகளுக்கு ஒவ்வொரு நாளும் ரெட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டி அனுப்பியதுதான் அந்த ஆத்திரத்துக்கு அவள் போட்ட மருந்து. “எம்மவ ரெஜிஸ்டர்ல ஒரு தட்டு குறைஞ்சா, இந்தச் சொளவக் கவுத்திப் போட்டுட்டு நான் ஊர விட்டே போயிருதேன், போதுமாய்யா?” என்றாள். கடை பெஞ்சில் இருந்த இசக்கி எழுந்து வந்து வேண்டாம் என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

ஏனென்றால் ஒரு நாள் குறைவு. அது இசக்கிக்கு மட்டும்தான் தெரியும்.

ஏழாம் வகுப்பில், ஆடி பிறந்து இரண்டாம் நாள், ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடத்து வளைவில் குற்றாலம் பஸ் நின்றது. அதன் ஜன்னல் கம்பியிலெல்லாம் சாரல் சொட்டிக்கொண்டிருந்தது, இசக்கி ஏறிவிட்டாள். ஏன் ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கால் ஏறியது, அவ்வளவுதான். யூனிபார்மும் இலவச பஸ் பாஸும் இருந்தால் எந்தக் கண்டக்டரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. ஐந்தருவியில் பெண்கள் பக்கம் போய்ப் பையைப் பாறையில் வைத்துவிட்டு யூனிபார்மோடு தண்ணீருக்குள் நின்றாள், தண்ணீர் உச்சந்தலையில் இடி இடியாக விழுந்தது, அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள், அந்தச் சத்தம் அவள் காதுக்கே கேட்கவில்லை. ஒரு குரங்கு தயிர்சாதத்தை விட்டுவிட்டு ஊறுகாயை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியது. வெயிலிலும் காற்றிலும் துணி காய்ந்து, வழக்கமான நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் அதுவரை வந்ததில்லை.

மறுநாள் விடுப்பு விண்ணப்பம் எழுதி மடித்துக் கொண்டுபோனாள், காய்ச்சல் என்று. யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்காரும் கோமதி, “நேத்து குடுத்த கணக்க முடிச்சிட்டியாட்டி?” என்றாள். அந்த மூன்று மாதம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் இருந்ததால் ரெஜிஸ்டர் ஞானராஜ் சார் கையில் இருந்தது. அவர் அதை மேஜையில் விரித்துவைத்தபோது இசக்கி எட்டிப் பார்த்தாள், அவள் பேருக்கு நேரே புதன்கிழமைக் கட்டத்தில் காலைக்கு ஒரு கோடு, மத்தியானத்துக்கு ஒரு கோடு, சுத்தமாக ஒரு பெருக்கல் குறி, இரண்டு வேளையும் வந்தாள் என்று. அன்றைக்கு இசக்கிக்கு வந்த அழுகை மாட்டாமல் தப்பித்த சந்தோஷத்தில் வந்தது அல்ல. தான் இல்லாததே ஒருத்தருக்கும் தெரியவில்லை என்பதுதான் அவளுக்கு வலித்தது. அந்தக் கடிதம் இப்போதும் ஜாமெட்ரி பாக்ஸில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமையோடு ஐந்தாம் வகுப்புத் தட்டு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஞானராஜ் சார் ஆராதனை முடிந்து வந்து வராந்தாவில் உட்கார்ந்து விசிலை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தபோது இசக்கி போய் நின்றாள்.

“சார், ஏழாம் வகுப்புல ஒரு நாள் நான் வரல.”

“வராம எங்க போன?” என்று சிரித்தார். “நீயாவது வராம இருக்கதாவது. ரெஜிஸ்டர்ல இருக்குல்லா.”

“நீங்க தலையத் தூக்கிப் பாக்கல சார். வழக்கம்போலக் கோடு போட்டுட்டிய.”

விசில் அவர் கையிலேயே நின்றது. உட்கார்ந்த இடத்திலேயே அவர் அந்த மூன்று மாதத்தையும் நினைத்துப் பார்த்தார்: பேர் வாசிக்க நேரமில்லாமல் வராந்தாவில் நின்றபடி மளமளவென்று கோடு இழுத்தது, மற்ற பேரில் பேனா தயங்கினாலும் இசக்கியம்மாள் என்கிற பேரில் மட்டும் தயங்காமல் போனது, அவள் வராமலா இருப்பாள் என்கிற நம்பிக்கை. அது நம்பிக்கை இல்லை, சோம்பேறித்தனம் என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது. எந்த நாள் என்று கேட்டு விரலை மடக்கிக் கணக்குப் போட்டவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “ஆடி ரெண்டு, புதன்கிழமையா. பத்தேகால் வாக்குல வரும். நான் உன் பக்கத்துல வந்து நிக்கேன், சரியா அந்த நேரத்துக்கு நானே ஒரு தட்டு தட்டிருதேன். ஒரு பயலுக்கும் தெரியாது. உங்கம்மை சொன்ன சொல்லும் நிக்கும், என் மானமும் போகாது.”

இசக்கி படியிறங்கி வீட்டுக்கு நடந்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முப்பிடாதி அந்த டிபன் பாக்ஸைச் சாம்பல் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள், அதில் முகம் தெரிகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இசக்கி சாம்பலை அவள் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளி மைதானத்தில் ஊரே கூடிவிட்டது. சங்கரலிங்கம் நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார், பரமசிவம் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான், பீடிக்காரப் பெண்கள் சொளவோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். மேஜையில் ஏழாம் வகுப்பு ரெஜிஸ்டர் திறந்திருந்தது, பக்கத்தில் ஹெலன் டீச்சர். ஒன்பது இருபதுக்கு ஜூன் பிறந்தது. டப், டப் என்று வாரங்கள் போயின, ஜூலை வந்தது. பத்து மணி பதினாறு நிமிஷத்துக்குத் திங்கட்கிழமை விழுந்தது, அடுத்து ஆடி பிறந்த செவ்வாய்க்கிழமை விழுந்தது, ஞானராஜ் சார் இசக்கியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று ரெண்டு கையையும் மார்புக்கு நேரே தூக்கினார்.

“தட்டாதிய சார்” என்றாள் இசக்கி. மெதுவாகத்தான் சொன்னாள், மைதானத்துக்கே கேட்டது.

தட்டு விழவில்லை. புதன்கிழமைக்கான நேரம் வந்தது, போனது, வியாழக்கிழமைக்கான நேரமும் வந்தது, அதுவும் விழவில்லை. மேலே இருந்த அந்தக் கை எதற்காகவோ காத்துக்கொண்டு நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது. இசக்கி நாலு எட்டு முன்னால் நடந்து எல்லோருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“அந்தப் புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்கு வரல. குத்தாலத்துல இருந்தேன். யூனிபார்மோட ஐந்தருவில குளிச்சேன். ரெஜிஸ்டர்ல வந்ததா போட்டிருக்கு. ஒருத்தரும் என்னத் தேடல. இத்தன வருஷமா எனக்கு அதுதான் வருத்தம், இப்பச் சொல்லிட்டேன்.” டிபன் பாக்ஸைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள், அதன் மேல் சான்றிதழை வைத்தாள். “இந்தாங்க.”

சங்கரலிங்கம் எழுந்து நின்றார், ஆனால் சான்றிதழைக் கிழிக்க அவர் கை போகவில்லை. பக்கத்தில் கோமதி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், அந்தப் புதன்கிழமை தன் பக்கத்து இடம் காலியாக இருந்ததை இப்போதுதான் அவள் பார்க்கிறாள் போல. எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று அவர் முப்பிடாதி பக்கம் திரும்பினார். “அப்பம் சொளவு என்னாச்சு? கவுத்துதேன்னியே?”

முப்பிடாதி அவருக்குப் பதில் சொல்லாமல் மகளிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், இசக்கியும் நினைத்தாள்.

“தண்ணி நல்லா விழுந்துச்சா?”

“நல்லா விழுந்துச்சும்மா.”

“எப்படி இருந்துச்சு?”

“தலையில ஆரோ செல்லமா அடிக்க மாதிரி இருந்துச்சு.”

முப்பிடாதிக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்பது நிமிஷ பஸ் தூரத்தில் இருக்கிற ஐந்தருவியை அவள் இந்த வயசு வரைக்கும் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சங்கரலிங்கத்தைப் பார்த்தாள். “சொன்ன சொல்லு சொன்னதுதான்யா. நாளைக்குச் சொளவக் கவுத்துதேன், ஊர விட்டும் போறேன். நானும் எம்மவளும் ஐந்தருவிக்குப் போறோம். சாயங்கால பஸ்ஸுல வந்திருவோம்.” வேப்பமரத்தடியில் ஒரே சிரிப்பு, எங்களையும் கூட்டிட்டுப் போக்கா என்று குரல்கள்.

அந்த டிபன் பாக்ஸ் இன்றைக்கும் ஹெலன் டீச்சர் மேஜையில் சாக்பீஸ் போட்டுவைக்கத்தான் உதவுகிறது. எட்டாம் வகுப்பு மட்டும் ஐந்தருவிச் சத்தத்தோடு போனது, மீதி வகுப்புகளை அடுத்த செவ்வாய்க்கிழமை வரை ஊர் உட்கார்ந்து கேட்டது. அடுத்த வருஷ விழாவிலிருந்து முழு வருகைக்கான பரிசைத்தான் முதலில் கொடுக்கிறார்கள், அதற்கு விசில் கிடையாது, கை ஓய்கிற வரை தட்டலாம். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு மைதானத்தில் சிரிப்பு அடங்கியும் மேலே தட்டு விழாமல் நின்றது, எல்லோரும் ஞானராஜ் சாரைப் பார்த்தார்கள். அவர் மேஜைக்குப் போய் ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினார், ஹெலன் டீச்சரிடம் சிவப்பு மை பேனாவைக் கேட்டு வாங்கினார், ஏழாம் வகுப்பு ஆடி மாசத்துப் புதன்கிழமையை முதல் பேரிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். அந்த வகுப்புப் பிள்ளைகள் கூட்டத்துக்குள் அங்கங்கே நின்று ‘உள்ளேன் ஐயா’ என்றார்கள், கோமதியும் சொன்னாள்.

“இசக்கியம்மாள்.”

இசக்கி அவருக்கு நேர் எதிரே நின்றாள், வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் அவள் வரவில்லையே.

“இசக்கியம்மாள்?” ஞானராஜ் சார் தலையைத் தூக்கினார். கூட்டம் முழுக்க, வேப்பமரத்தடி வரைக்கும், ஒவ்வொரு முகமாகத் தேடிப் பார்த்தார். “இசக்கி எங்க? ஏன் வரல? ஆருக்காவது தெரியுமா?”

கிட்டத்தட்ட ஆறு வருஷமாக அவள் காத்திருந்தது இந்தப் பார்வைக்குத்தான். இசக்கி அழுதாள், சிரித்தாள், எது எப்போது என்று சொல்ல முடியாது.

“வரல சார்” என்றாள் முப்பிடாதி, கையைக் கட்டிக்கொண்டு, மூன்றாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து எழுந்து நிற்கிறவளாக. “குத்தாலத்துல குளிச்சிக்கிட்டிருக்கா.”

சார் மேஜையில் குனிந்து அந்தப் பெருக்கல் குறியைச் சிவப்பு மையால் சுற்றினார். “நாளைக்கு வரும்போது லீவ் லெட்டர் கொண்டாரச் சொல்லு” என்றார்.

“கொண்டாருவா சார்.”

டப்பென்று வியாழக்கிழமைத் தட்டு விழுந்தது. மறுநாள் இசக்கி பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.